கணக்குப் பார்த்த பிறகுதான் மன்னிக்க முடிந்தது

மன்னிப்பு என்றதும் சபையில் எல்லோர் வாயிலும் வருவது மத்தேயு 18ஆம் அதிகாரம். ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்க, "ஏழுதரமாத்திரம் அல்ல, ஏழெழுபதுதரமட்டும்" என்று இயேசு சொல்கிற இடம். இந்த வசனத்தை எனக்குச் சொல்லாத ஆளே இல்லை என்கிற மாதிரி ஒரு காலம் இருந்தது. அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, 15ஆம் வசனத்தில் இருப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் "அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்கிறது அது. கேட்கவில்லையா, ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்கவில்லையா, சபைக்குச் சொல். இந்த மூன்று படிக்கும் பிறகுதான் ஏழெழுபது வருகிறது.

நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். அதனால் வந்த வினையையும், பிறகு அது சரியான விதத்தையும்தான் எழுதுகிறேன்.

நானும் என் சித்தி மகனும் சேர்ந்து ஒரு சின்ன அச்சகம் நடத்திவந்தோம். மெஷின், ஆட்கள், டெலிவரி எல்லாம் என் பொறுப்பு. பில், வசூல், பேங்க் வேலை தம்பியுடையது. காசோலையில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். மெஷினை விட்டு நகர முடியாத நாட்கள் வரும் என்பதால் சில தாள்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருப்பேன். தொழிலில் இருக்கிற பலர் இதைச் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒரு நாள் காகித மொத்த வியாபாரி போன் செய்தார். "பழைய பாக்கி அப்படியே நிக்குதே, புது லோடு எப்படி அனுப்பறது?" என்றார். எங்கள் நோட்டில் அவருக்குப் பாக்கியே இல்லை. மாதா மாதம் கொடுத்ததாக எழுதியிருந்தது, அதற்குப் பில்லும் இருந்தது. பில்களை மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எங்கள் நம்பரிங் மெஷினில் 7 மட்டும் எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து விழும். சக்கரம் தேய்ந்துபோனதால் வந்த கோளாறு, வாடிக்கையாளர்கள்கூடக் குறை சொல்லியிருக்கிறார்கள். அந்த மொத்த வியாபாரியின் பெயர் போட்ட பில்களிலும் 7 அதே மாதிரி சாய்ந்திருந்தது. எங்கள் கடையில், எங்கள் மெஷினில் அடித்த பில் அது.

தம்பி ஷேர் மார்க்கெட்டில் விட்டிருந்தான். முதலில் சொந்தச் சேமிப்பு, அடுத்து மனைவியின் நகை, அப்புறம் கடைப் பணம். கேட்டபோது மறுக்கவில்லை. ஆனால் அவன் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன் அண்ணா. அவர் மன்னிச்சிட்டார். நீங்களும் மன்னிச்சிடுங்க."

பணம் போனதைவிட இந்த வாக்கியம்தான் என்னை வெகுநாள் தூங்கவிடவில்லை. எடுத்தது என்னிடமிருந்து, பேசி முடித்தது வேறொருவரோடு. எனக்கு வந்து சேர்ந்தது தகவல் மட்டும்.

விஷயம் வெளியே தெரிந்ததும் சமாதானம் செய்ய ஆட்கள் வந்தார்கள். "ரத்த சொந்தம், விடுங்க" என்றார்கள் உறவினர்கள். சபைப் பெரியவர் ஒருவர், "நீங்க மன்னிக்கலேன்னா பிதாவும் உங்களை மன்னிக்க மாட்டார்" என்றார். மத்தேயு 6:15 அப்படித்தான் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை அவர் சொன்ன தொனி, வாடகை பாக்கி கேட்கிறவரின் தொனி. சரி என்று ஆராதனை முடிந்ததும் தம்பியின் கையைப் பிடித்து "மன்னிச்சிட்டேன்" என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும், கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்கிற வரி வரும்போது வாய் நின்றுபோகும். பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன்.

என் தொழில் பாஷையில் சொன்னால், புரூப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பின கதை அது. பிழை ஒன்றுதான், ஆனால் அடித்த அத்தனை பிரதியிலும் அது இருக்கும். அவன் சிரித்தால் கோபம், சிரிக்காவிட்டால் கோபம், ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னால் அதற்குத் தனிக் கோபம்.

அப்போதுதான் மத்தேயு 18ஆம் அதிகாரத்தை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். மன்னிக்காத வேலைக்காரனின் உவமையில் இரண்டு கடன் வருகிறது. ராஜாவுக்கு ஒருவன் பதினாயிரம் தாலந்து தரவேண்டும், அவனுக்கு உடன்வேலைக்காரன் நூறு வெள்ளிப்பணம் தரவேண்டும். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்பது மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட உவமையிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் வருஷம் ஆகும். "எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அவன் சொன்னது நடக்கிற காரியமே இல்லை.

பிரசங்கங்களில் இதுவரைக்கும் வந்துவிடுவார்கள். பிறகு அந்த நூறு வெள்ளிப்பணத்தை "அற்பக் காசு" என்று சொல்லிக் கடந்துபோவார்கள். அங்கேதான் எனக்கு மாறுபாடு. நூறு வெள்ளிப்பணம் என்றால் ஒரு கூலிக்காரனின் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அந்தக் குடும்பத்துக்கு அது விளையாட்டுத் தொகை கிடையாது. இயேசு ஒரு காசு என்றோ இரண்டு காசு என்றோ சொல்லியிருக்கலாம். உண்மையாகவே வலிக்கிற ஒரு தொகையைத்தான் சொன்னார். உனக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை. நடந்தது நிஜம், கடன் நிஜம், ஆனால் உன் கணக்கு இதைவிட 6 லட்சம் மடங்கு பெரியது, அது உனக்குத் தள்ளுபடி ஆகியிருக்கிறது என்கிறார். அந்த ராஜாவும் எடுத்த எடுப்பில் தள்ளுபடி செய்யவில்லை. உவமையின் முதல் காட்சியே அவர் கணக்குப் பார்க்கத் தொடங்குவதுதான்.

"பரவாயில்லை, விடு" என்பதை நாம் மன்னிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். பரவாயில்லாத விஷயத்துக்கு மன்னிப்பே தேவையில்லை. கால் மிதிபட்டால் பரவாயில்லை என்று சொல்லலாம். "களவு செய்யாதிருப்பாயாக" என்று ஒரு கட்டளை இருப்பதால்தான் தம்பி செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. பெயர் இருப்பதால்தான் அதை மன்னிக்க முடிகிறது. கட்டளையைத் தளர்த்துகிறவர்கள் மன்னிப்பை எளிதாக்குவதாக எண்ணுகிறார்கள், உண்மையில் மன்னிக்க ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் வீடுகளில் கற்றுக்கொடுப்பதற்காக எழுதிய சிறிய ஞானோபதேசமும் பத்துக் கற்பனைகளில்தான் தொடங்குகிறது. விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் அதற்கு அடுத்துத்தான்.

லேவியராகமம் என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிற பழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் 6ஆம் அதிகாரத்தின் முதல் சில வசனங்கள் எங்கள் கதைக்கென்றே எழுதின மாதிரி இருந்தன. ஒருவன் தன் வசத்தில் ஒப்புவிக்கப்பட்ட பொருளில் அயலானை ஏமாற்றினால், அது கர்த்தருக்கு விரோதமான பாவம் என்று தொடங்குகிறது. அப்படியானால் கர்த்தரோடு பேசி முடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இல்லை. அவன் முதலைத் திருப்பித் தரவேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும், பொருளுக்குச் சொந்தக்காரனிடமே தரவேண்டும். ஆட்டுக்கடாவைப் பலிக்குக் கொண்டுவருவது இதற்கெல்லாம் பிறகு. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொல்வதும் இதே வரிசைதான். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றத்தை, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தாதவரை பாவநிவாரண நாள்கூட நீக்காது என்கிறது.

சங்கீதம் 51இல் தாவீது "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று பாடுகிறானே என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. தாவீது ஆள்வைத்துச் சாகடித்த உரியா செத்துப்போயிருந்தான், போய்க் கேட்க ஆள் இல்லை. எங்கள் விஷயத்தில் நான் உயிரோடு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் மத்தேயு 18இன் 15ஆம் வசனத்திலிருந்து ஆரம்பித்தோம். தனியாகப் பேசியாகிவிட்டது, அடுத்து ஒன்றிரண்டு பேர். போதகரையும் எங்கள் தாய்மாமாவையும் வரச்சொன்னேன். மாமா அதிகம் பேசாதவர், கூட்டல் கழித்தலில் கெட்டிக்காரர். ஒரு நீள நோட்டை எடுத்து வரிவரியாக எழுத ஆரம்பித்தோம். தேதி, காசோலை எண், தொகை, எதற்கு என்று நோட்டில் இருப்பது, உண்மையில் எதற்குப் போனது. ஒவ்வொரு வரிக்கும் தம்பி பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டான்.

அந்த வேலையில் நான் எதிர்பாராத சில விஷயங்கள் நடந்தன.

சில வரிகளில் அவன் கையெழுத்துப் போட மறுத்தான். "இது நிஜமாவே மெஷின் ரிப்பேருக்குக் கொடுத்தது அண்ணா, மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்க" என்றான். கேட்டோம், அவன் சொன்னது சரி. ஒருவன் திருடன் என்று தெரிந்துவிட்டால் காணாமல் போன எல்லாமே அவன் தலையில்தான் விழும். கணக்கு எழுதியதால் அது நடக்கவில்லை. கடைசிக் கூட்டலைப் பார்த்தால், உறவுக்காரர்கள் வாயில் புழங்கிக்கொண்டிருந்த தொகையில் பாதிகூட வரவில்லை. நான் யாரிடமும் தொகை சொன்னதில்லை, ஆனால் அது வாய்க்கு வாய் வளர்ந்து, அவன் வீட்டையே விற்றாலும் தீராத அளவுக்குப் போயிருந்தது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற கட்டளையை விளக்கும்போது லூத்தர், அயலானைக் குறித்து நல்லதைப் பேசி, எதையும் அவனுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளவேண்டும் என்று சேர்க்கிறார். அந்த அளவுக்கு எனக்கு மனசு வரவில்லை. குறைந்தபட்சம் சரியான தொகையைச் சொல்ல முடிந்தது, கேட்டவர்களிடம் அதைத்தான் சொன்னேன்.

கண்ணுக்குக் கண் என்கிற நியாயப்பிரமாணத்தைக் கொடூரம் என்று பேசுகிறோம். ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தில் லாமேக்கு என்று ஒருவன் வருகிறான். தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டு, காயீனுக்காக ஏழு பழி என்றால் லாமேக்குக்காக எழுபத்தேழு என்று மனைவிகளிடம் பெருமையடிக்கிறான். அந்த மனநிலைக்கு முன்னால் 'ஒரு கண்ணுக்கு ஒரு கண், அதற்குமேல் தொடாதே' என்பது பெரிய கடிவாளம். லாமேக்கின் எழுபத்தேழு பழிக்கு எதிரில்தான் இயேசுவின் ஏழெழுபது மன்னிப்பு நிற்கிறது. நடுவில் கட்டளை என்கிற படி ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தால் கால் பிசகும்.

இன்னொன்று நடந்தது. அந்தப் போலிப் பில்கள் இருந்த வரிகளுக்கு வந்தபோது தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "இதை நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப அடிச்சேன் அண்ணா. பையனை டீ வாங்க அனுப்பிட்டு அடிச்சேன். பிளேட்டைத் துடைச்சு வெச்சிட்டேன். அன்னிக்கு நீங்க வந்து, 'மெஷின் சூடா இருக்கே'ன்னு கேட்டீங்க. டெஸ்ட் ஓட்டினேன்னு சொன்னேன்" என்றான். எனக்கு அது ஞாபகமே இல்லை. அவனுக்கு இருந்தது. போதகரும் மாமாவும் எழுந்து வெளியே போனார்கள். அதற்குப் பிறகு அவன் கேட்ட மன்னிப்பில் ஆண்டவர் பெயரே வரவில்லை. "உங்களை ஏமாத்திட்டேன்" என்றான், அவ்வளவுதான். ஆராதனை முடிந்து கைகுலுக்கியபோது வராதது அன்றைக்கு வந்தது. முழுதாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், வர ஆரம்பித்தது.

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது ஒன்றே ஒன்று. "ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிக்கோங்க" என்று போகாதீர்கள். என்ன செய்தீர்கள் என்பதை, எதிரில் இருப்பவருக்குத் தெரியாத பகுதியையும் சேர்த்து, நீங்களே சொல்லுங்கள். ஏன் செய்தீர்கள் என்பதை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். காரணம் முதலில் வந்தால் அது வக்கீல் பேச்சாகிவிடும். வரிவசூல்காரனான சகேயு இயேசுவுக்கு முன்னால் நின்றுகொண்டு பேசியதைப் பாருங்கள். வரிவசூல் முறையின் கஷ்டத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான். திருடி அடித்த ஒரு ஆட்டுக்கு நாலு ஆடு என்று யாத்திராகமம் 22இல் இருப்பதும், நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன, ஏழையின் ஆட்டைப் பறித்தவன் கதையைக் கேட்டுத் தாவீது தனக்கே தெரியாமல் தன்மேல் விதித்துக்கொண்டதும் அதே நாலத்தனைதான்.

பாவ அறிக்கையைக் கேட்கிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கணக்கு முடிந்த சில நாட்களில் தம்பியின் மனைவி போன் செய்து அழுதாள். "ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்கார், நான் இருந்து என்ன பிரயோஜனம்ங்கறார்" என்றாள். உடனே போனேன். அவனைத் தனியாக விடவில்லை, மறுநாளே மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஜெபமும் செய்தோம். மாத்திரையும் சாப்பிட்டான். இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் முடிவை மறுபடி படித்தேன். அவன் மனஸ்தாபப்பட்டான். வாங்கின முப்பது வெள்ளிக்காசைத் திரும்பக் கொண்டுபோனான். "பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். மனந்திரும்புதலின் பாதி வேலையை அவன் செய்துவிட்டான். பிரதான ஆசாரியர் சொன்ன பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு". நியாயப்பிரமாணத்தைப் போதிக்க வேண்டியவர்களிடமிருந்து இந்த வார்த்தை வருகிறது. அவன் வெளியே போய் நான்றுகொண்டு செத்தான். பேதுருவும் அதே இரவில்தான் இயேசுவை அறியேன் என்று சொல்லி விழுந்தான், மனங்கசந்து அழுதான், ஆனால் மற்ற சீஷர்களோடு இருந்துகொண்டான். அவன் மறுதலித்தது பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்புப் பக்கத்தில். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவனுக்காகப் போட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பு. மூன்றுதரம் மறுதலித்தவனிடம் மூன்றுதரம் கேட்கிறார். மூன்றாவது தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் எழுதுகிறார். வலிக்கும் என்று தெரிந்தேதான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு வேலையைக் கொடுக்கிறார்: என் ஆடுகளை மேய்ப்பாயாக.

பலம் என்பதை விழாமல் இருப்பது என்று நான் நினைத்திருந்தேன். பேதுரு விழுவதற்கு முன்பே, "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று இயேசு சொல்லிவிடுகிறார். அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தே பொறுப்பைக் கொடுத்துவிட்டார். எங்கள் சபையில் போனில் டிரேடிங் செய்து கடனில் மாட்டிக்கொண்ட பையன்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் வருவதில்லை, தம்பியிடம்தான் போகிறார்கள். நான் சொன்னால் புத்திமதி, அவன் சொன்னால் கேட்கிறார்கள். "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்கிற வசனத்தைப் பவுலின் உடம்புக்கு வந்த ஏதோ கஷ்டத்தோடு மட்டும் சேர்த்து வைத்திருந்தேன். வெட்கத்திலும் அது வேலை செய்யும் என்று அந்தப் பையன்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நம்பிக்கை வேறு விஷயம். மன்னித்துவிட்டாயே, ஏன் இன்னும் அவன் கையில் காசோலைப் புத்தகம் கொடுக்கவில்லை என்று கேட்கிறார்கள். கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை. பேங்க் வேலை இப்போது என் மகளிடம். தம்பி டிசைன் பார்க்கிறான். யோசேப்பு தன்னை விற்ற அண்ணன்மாரை மன்னித்தவன்தான், ஆனால் பார்த்தவுடன் கட்டிக்கொள்ளவில்லை. சிமியோனைப் பிடித்து வைத்தான், கடைசித் தம்பி பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்தான். ஒரு காலத்தில் தம்பியை விற்ற யூதா, இந்தத் தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்து நின்ற பிறகுதான் யோசேப்பு வாய்விட்டு அழுதான். பவுல்கூட, பாதியில் விட்டுப்போன மாற்குவை அடுத்த பயணத்துக்குக் கூட்டிப்போக முடியாது என்று பர்னபாவோடு சண்டை போட்டுப் பிரிந்தார். பிறகு தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். நடுவில் வருஷங்கள் போயிருக்கின்றன. அவற்றை யாரும் அவசரப்படுத்தவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் ஏழெழுபதைச் சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பாவம் என்றே சொல்வேன், அனுப்புகிறவர்கள் செய்கிற பாவம். அங்கே முதலில் செய்ய வேண்டியது அவளைப் பாதுகாப்பான இடத்தில் வைப்பது, தேவைப்பட்டால் போலீஸுக்குப் போவது. குழந்தைகளுக்கு நடக்கிற கொடுமைக்கும் இதேதான். அவள் மன்னிப்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது, அதற்குத் தேதி குறிக்க நமக்கு உரிமை இல்லை. மன்னித்த பிறகும் அவள் திரும்பிப் போகவேண்டியதில்லை.

கோபம் திரும்பி வரும். தம்பி புது வண்டி வாங்கியபோது எனக்கு வயிறு எரிந்தது. பழைய வண்டியைக் கொடுத்து மாற்றினான், மீதி அவன் மனைவி போட்ட சீட்டுப் பணம், எல்லாம் தெரிந்தும் எரிந்தது. முன்பாக இருந்தால், நான் மன்னிக்கவே இல்லையோ என்று பயந்திருப்பேன். இப்போது அந்த நீள நோட்டை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தொகை, இந்த வரிகள், இதை விட்டுக்கொடுத்தேன், புதிதாக ஒன்றும் சேரவில்லை. ஏழெழுபது என்பது ஒருவன் செய்யும் 490 தப்புகளுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஒரே தப்பு அத்தனை தரம் நினைவுக்கு வரும்போதும் அந்த எண் வேண்டியிருக்கிறது. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமர் 7இல் பவுல் புலம்புவது தப்பு செய்தவனுக்கு மட்டுமான வசனம் இல்லை. மன்னிக்கிறவனுக்கும் அதே வியாதிதான்.

பணம் எப்படித் தீர்ந்தது என்று கேட்பீர்கள். காகித வியாபாரியின் பாக்கியை முதலில் அடைத்தோம், அவருக்கும் எங்கள் குடும்பச் சண்டைக்கும் சம்பந்தமில்லை. தம்பியே நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தான். என் பங்கைத் தவணையாகக் கொடுத்துவந்தான். ஒரு கட்டத்தில் மிச்சத்தைத் தள்ளிவிடலாம் என்று நானே சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் முடிந்ததும் லேவியராகமத்தைத் திறந்து, "ஐந்தில் ஒரு பங்கு பாக்கி இருக்கே அண்ணா" என்று ஆரம்பித்தான். நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் இல்லையடா என்று ரோமர் 6ஐக் காட்டினேன். அவன் சகேயுவைக் காட்டினான். இப்படியே பல மாதம் வாக்குவாதம். கடைசியில் என் மனைவிதான் எரிச்சலாகி, "அவர் கொடுக்கறதை வாங்கிக்கோங்களேன். உங்க பெருந்தன்மைக்காக அவர் ஏன் தூங்காம கிடக்கணும்?" என்றாள். இப்போது மாதா மாதம் வருகிறது. வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுக்கிறேன்.